சிறிய பவளத் தொட்டிக்குக் கருவிகள் வாங்கும்போது நேரும் தவறுகள்

கடல்நீர்ப் பவளத் தொட்டி அமைக்க விரும்புபவர்களின் முதல் தவறு, கருவிப் பட்டியல் போடுவதற்கு முன்பே, தொட்டியின் அளவைத் தீர்மானிக்கும்போதே நேர்ந்துவிடுகிறது. தொடக்கம்தானே என்று 30 லிட்டர் தொட்டியை வாங்குகிறார்கள். தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியானால், ஐந்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது 25 லிட்டர் நீரும், ஆயிரத்துக்கு 35 என்ற அளவிலிருந்து 42-க்கு ஏறிய உப்பும் நம்மை வரவேற்கும். பவளங்களால் இதைத் தாங்க முடியாது. 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் கல்லும் மணலும் போக ஏறத்தாழ 100 லிட்டர் நீர் நிற்கும். சிறியது என்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் கீழெல்லை அதுதான். ஆவியாகும் நீரைத் தானாக ஈடுசெய்யும் டாப்-அப் கருவி அதற்கும் தேவை. ஆனால் அதன் நன்னீர் வாளி பெரியதாக இருக்கக் கூடாது. நீர்மட்டத்தை உணரும் மிதவை ஒருநாள் சிக்கிக்கொண்டால் வாளியில் உள்ள நீர் முழுவதும் தொட்டிக்குள் இறங்கிவிடும் என்பதை எண்ணி, பத்து லிட்டருக்குள் நிறுத்துவது நல்லது.

அடுத்தது வெப்பம். குளிர்நாட்டவர்கள் எழுதிய கருவிப் பட்டியலில் ஹீட்டர் முதல் வரிசையில் இருக்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் அதை அப்படியே வாங்கிவிடுகிறார். இங்கே நமக்கு உள்ள தொல்லை நேர்மாறானது. நீர் 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில், குளிரூட்டப்படாத அறையில் மே மாதத்தில் அது எளிதாக 30-ஐத் தாண்டும். அந்த நிலை நீடித்தால், பவளம் தன் திசுவில் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளுக்கத் தொடங்கும். போதாக்குறைக்கு நாம் வாங்கும் கருவிகளும் நீரைச் சூடாக்குகின்றன. நீருக்குள் மூழ்கி ஓடும் 20 வாட் பம்ப் ஒரு நாளில் வெளியிடும் வெப்பம், எங்கும் வெளியேறாமல் தங்குவதாகக் கொண்டால், 100 லிட்டர் நீரை 4 டிகிரி அளவுக்குச் சூடாக்கப் போதுமானது. ஆகவே பம்ப் வாங்கும்போது எத்தனை லிட்டர் தள்ளும் என்பதோடு எத்தனை வாட் உண்ணும் என்பதையும் பார்க்க வேண்டும். நீர்ப்பரப்பின் மேல் வீசும் விசிறி இரண்டு மூன்று டிகிரியைக் குறைக்கும் என்றாலும், கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அதன் பலன் குறைந்துவிடுவதால், நீரைக் குளிர்விக்கும் கம்ப்ரசர் வைத்த சில்லருக்கே முதலில் பணம் ஒதுக்க வேண்டும். அந்தச் சில்லரைப் பார்வைக்கு உறுத்துகிறது என்று மூடிய மரப்பெட்டிக்குள் வைப்பது இன்னொரு தவறு. தான் வெளியிட்ட சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டு நாள் முழுதும் ஓடிக்கொண்டிருக்கும்.

தண்ணீரில் நான் செய்த தவறு இது. வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே என்று அந்த நீரிலேயே உப்பைக் கரைத்தேன். இரண்டே மாதத்தில் கற்கள் முழுவதும் பழுப்புப் பாசி படர்ந்துவிட்டது. குடிநீருக்கான ஆர்.ஓ.க்கள் பலவற்றில் சுவைக்காக மூலநீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கிறது. அதைவிட ஆபத்தானது, உடல்நலத்துக்கென்று தாமிரம் சேர்க்கும் வகை. நமக்கு அது நன்மையோ இல்லையோ, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. ஆர்.ஓ.வை அடுத்து எஞ்சிய உப்புகளை நீக்கும் டி.ஐ. ரெசின் குழாய் பொருத்தி, நீரில் கரைந்துள்ளவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரையே பயன்படுத்த வேண்டும். பழைய தொட்டியை வாங்குபவர்கள், அதில் மீன் நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றப்பட்டதா என்று கேட்காமல் கற்களை வாங்கக் கூடாது. கல் அந்தத் தாமிரத்தை உறிஞ்சி வைத்திருந்து பின்னர் மெல்லக் கசியவிடும்.

உப்பை அளக்க மலிவான ஊசி ஹைட்ரோமீட்டரை நம்புவது சிக்கனமாகாது. ஊசியில் ஒட்டும் ஒரு காற்றுக்குமிழியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். ஒளிவிலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கியவர்களும், அதை வெறும் தூய நீரை வைத்துப் பூஜ்யத்தில் மட்டும் சரிசெய்துவிட்டு, 35-இல் தவறாகக் காட்டுவதை அறியாமல் இருக்கிறார்கள். ஆயிரத்துக்கு 35 அளவுள்ள சோதனைக் கரைசல் ஒரு புட்டி வாங்கி, அதை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

விளக்கை வாட்டைப் பார்த்து வாங்குவது பரவலான பழக்கம். பவளத்துக்கு வேண்டியது, அது அமர்ந்திருக்கும் ஆழத்தில் கிடைக்கும் ‘பார்’ அளவு, அதாவது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி. மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதும். கிளைவிடும் கல்பவளங்கள் 200-க்கு மேல் கேட்கும். நன்னீர்ச் செடிகளுக்கான வெள்ளை விளக்கில் நீல ஒளி போதாது. சக்திவாய்ந்த விளக்கை வாங்கி முதல் நாளே முழு வெளிச்சத்தில் எரியவிடுவதும் பவளத்தை வெளுக்கச் செய்யும். ஒளியளவைக் குறைக்கும் வசதியுள்ளதை வாங்கி, சில வாரங்களில் படிப்படியாக ஏற்றுவதே முறை.

கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாரந்தோறும் 10 முதல் 15 லிட்டர் நீர் மாற்றத் தயாராக இருப்பவர், மீன்களும் இரண்டு மூன்றே என்றால், 100 லிட்டர் தொட்டியில் அதைத் தள்ளிப்போடலாம். தொட்டிக்கு வெளியே மூடிய குடுவையாக வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரோ, அடிக்கடி கழுவாவிட்டால் அழுக்கைச் சேர்த்துவைத்து நைட்ரேட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்.

மின்வெட்டு நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள், அது சைன் வேவ் வகைதானா என்று முதலில் பார்க்கட்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்புகள் இரைந்து சூடேறும். சில்லரைச் சிறிய இன்வெர்ட்டர் தாங்காது. பேட்டரியில் நேரடியாக ஓடும் டி.சி. வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்ப்) ஒன்று இருந்தால், நீர் அசைந்து உயிர்வளி கலந்துகொண்டிருக்கும். தொட்டிக்குக் கீழே சம்ப் என்னும் துணைத் தொட்டி வைப்பவர்கள், மின்சாரம் நின்றதும் குழாய் வழியாக எவ்வளவு நீர் திரும்பி இறங்குகிறது என்பதை, மீன் விடுவதற்கு முன்பே சுவிட்சை அணைத்துப் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாகக் கல். கருவிகளில் மிச்சம் பிடிக்காதவர்கள்கூட, ‘லைவ் ராக்’ (கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கல்) என்று எங்கிருந்தோ வந்த பவளக்கல்லை மலிவாக வாங்கிவிடுகிறார்கள். இந்தியாவில் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். செயற்கையாகச் செய்த நுண்துளைக் கல்லை வாங்கி, நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை நாலைந்து வாரம் காத்திருந்தால், அதே வேலையை அந்தக் கல்லும் செய்யும்.