டேங்கில் கிடந்த தூள் யாருடையது?

திருமயம் கோட்டை கண்ணில் படும் தூரத்தில் என் டீசல் கார் நின்றுபோனது. மகளின் நிச்சயத்துக்காக சிங்கப்பூரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டாரை அழைத்துவர திருச்சி விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் காரைக்குடியில் கிளம்பும்போதே மூன்றாவது முறை சாவி திருப்பிய பிறகுதான் எஞ்சின் பிடித்தது. அவசரத்தில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. வண்டிக்கு வயது இரண்டு வருடம். உத்தரவாதம் மூன்று வருடம். செலவு நம் தலையில் விழாது என்றுதான் நினைத்தேன். நான்காம் நாள் சர்வீஸ் சென்டரிலிருந்து தகவல் வந்தது: டீசலில் கலப்படம், உத்தரவாதம் செல்லாது, 2,37,000 ரூபாய் ஆகும்.

அந்தத் தொகையைக் கட்டாமல் எப்படித் தப்பினேன் என்பதையும், எங்கெங்கே தவறு செய்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

முதல் தவறு, வண்டி நின்றதும் எட்டுப் பத்து முறை ஸ்டார்ட் செய்து பார்த்தது. அப்படிச் செய்யாதீர்கள். இன்றைய டீசல் கார்களில் உயர் அழுத்த பம்பு 1,600 முதல் 2,000 பார் அழுத்தத்தில் டீசலைத் தள்ளுகிறது. லாரி டயரின் காற்று சுமார் 8 பார்தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் இந்த பம்புக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு வழவழப்பு. தேய ஆரம்பித்த பம்பைச் சுற்றச் சுற்ற, தேய்ந்த உலோகத் தூள் 'ரயில்' எனப்படும் பொதுக் குழாய்க்கும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கும் போய், திரும்பும் குழாய் வழியாக டேங்கில் போய் விழும். ஒரு பம்பு கெட்டதற்கு டேங்க் முதல் இன்ஜெக்டர் வரை எல்லாவற்றுக்கும் பில் போடுகிறார்களே, காரணம் இதுதான். நின்ற இடத்தில் கிலோமீட்டரையும் எச்சரிக்கை விளக்கையும் படமெடுங்கள். வழியில் கிடைக்கும் மெக்கானிக்கை ஃபில்டரைக் கழற்ற விடாதீர்கள். மேலே ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சர்வீஸ் சென்டரில் ஒரு கண்ணாடிக் குவளையில் டீசலை ஊற்றிக் காட்டினார்கள். அடியில் வெள்ளிப் பொடிபோல் ஏதோ மின்னியது. "பாருங்கள் சார், இதுதான் கலப்படம்" என்றார் மேலாளர். நானும் ஒரு நிமிடம் நம்பிவிட்டேன், பங்க்காரனைத் திட்டவும் செய்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: பங்க்கிலிருந்து வரும் அழுக்கு மண்ணாக இருக்கும், துருவாக இருக்கும், புதிதாகச் சீவிய உலோகம்போல் ஏன் மின்ன வேண்டும்? மறுநாள் சமையல்கட்டு அலமாரிக் கதவிலிருந்த காந்தத்தைக் கழற்றிக்கொண்டு போய்க் குவளையின் அருகே பிடித்தேன். தூள் கூட்டமாக நகர்ந்து வந்தது. அது பம்பின் சொந்தச் சதை. அந்தத் தூள் பம்பு தேய்ந்ததற்குச் சாட்சி சொல்லும். ஏன் தேய்ந்தது என்று சொல்லாது.

அதற்காக டீசல் மேல் குற்றமே இருக்காது என்று சொல்ல வரவில்லை. தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் வழவழப்பு குறைந்து பம்பு தேயத்தான் செய்யும். ஆனால் அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும், குவளை சொல்லக்கூடாது. டீசலுக்கான இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 1460. அதன்படி தண்ணீர் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வழவழப்புச் சோதனையில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக்கூடாது. ஆகவே எழுத்தில் நான்கு கேள்வி கேளுங்கள். டீசலில் எது, எவ்வளவு கலந்திருந்தது? எந்த ஆய்வகத்தின் அறிக்கை? மாதிரி எடுத்தபோது யார் இருந்தார்கள்? உத்தரவாதப் புத்தகத்தின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள்? எனக்கு வந்த பதில், "கண்ணால் பார்த்தாலே தெரியும்." அதையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பினார்கள், புண்ணியவான்கள். கடைசியில் கை கொடுத்தது அந்த ஒரு வரிதான்.

மாதிரி எடுக்கும்போது நீங்கள் கூடவே நில்லுங்கள். ஃபில்டரில் தங்கியதை மட்டும் எடுத்தால் போதாது, டேங்கிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். சுத்தமான, உலர்ந்த, பழுப்புக் கண்ணாடிப் புட்டி மூன்று. ஒன்று அவர்களுக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று உங்களுக்கு. குடிதண்ணீர் பாட்டில் ஆகாது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் வழக்கு அதிலேயே மூழ்கிவிடும். மூடியின் மேல் துணி கட்டி, அரக்கு வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஐயா பர்மாவில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக இருந்தவர். அவருடைய அரக்குக் குச்சி பெட்டகத்தில் கிடந்தது. அதைத்தான் கொண்டு போனேன். மேலாளர் சிரித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார். கழற்றிய பழைய பம்பையும் ஃபில்டரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்று, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

"காரைக்குடியிலேயே சிக்ரி இருக்கிறதே, அங்கே கொடுக்கலாமே" என்று ஊரில் பத்துப் பேர் சொன்னார்கள். அது மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். நமக்கு வேண்டியது எரிபொருள் சோதனைக்கு என்.ஏ.பி.எல். என்ற தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்.

பங்க் பக்கம் செய்ய வேண்டியது குறைவு. பில்லைச் சேர்த்து வையுங்கள், யு.பி.ஐ. பதிவும் உதவும். சந்தேகம் வந்தால் டீசலின் அடர்த்தி பார்த்துக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. 15 டிகிரி வெப்பநிலைக்குக் கணக்கிட்ட பிறகு, பங்க்கின் பதிவேட்டில் இருப்பதற்கும் இப்போது வருவதற்கும் கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. தாளில் சொட்டு விட்டுப் பார்ப்பது பெட்ரோலுக்கான சோதனை. டீசலுக்கு அதைச் செய்துகாட்டினால் ஏமாறாதீர்கள். நான் இரண்டு வருட பில்களையும் தேதிவாரியாக நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். மனைவி கேலி செய்துகொண்டிருந்த நோட்டு அது.

பேசித் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் ஊருக்கு அலைய வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை. பொன்னமராவதிப் பக்கத்து ஊர்களுக்குப் புதுக்கோட்டை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 10 முதல் 20 லட்சம் கொடுத்து வாங்கிய காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெற ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. மூன்றாவது புட்டி அப்போது பயன்படும்.

எங்கள் ஊர்களில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் காரைப் பூட்டிய வீட்டில் விட்டுவிட்டு, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பார்கள். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நின்றால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். நிறுத்துமுன் டேங்கை நிரப்புங்கள். எடுக்கும்போது ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, அந்த வேலைக்கும் பில் வாங்கிவிடுங்கள்.

என் விவகாரம் ஆணையம் வரை போகவில்லை. நோட்டீஸ் போன பதினெட்டாம் நாள், பம்பு, ரயில், நான்கு இன்ஜெக்டர் ஆகியவற்றை "நல்லெண்ண அடிப்படையில்" மாற்றித் தருவதாகக் கடிதம் வந்தது. டேங்க் கழுவிய கூலியும் லேபரும் சேர்த்து 14,000 ரூபாயை என் தலையில் கட்டினார்கள். அதற்கும் சண்டை போட்டிருக்கலாம். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது, வண்டி வேண்டியிருந்தது.