கேஸ் முடிந்த பிள்ளை பாலிக்கு விண்ணப்பிக்கும்போது

சிங்கப்பூரில் ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்), பாலி (பாலிடெக்னிக்) விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலருக்குப் பழைய குற்ற வழக்கு, அதாவது கேஸ், இருக்கும். முதலில் போன் செய்வது பெரும்பாலும் அம்மா, இல்லையென்றால் அக்கா. “ஆன்ட்டி, ஃபார்ம்ல குற்றப்பதிவு உண்டான்னு கேக்குது, இல்லைன்னு போட்டுடலாமா?”

பொய் சொல்ல வேண்டாம். அதற்காக உடனே ‘உண்டு’ என்றும் போட்டுவிட வேண்டாம். முதலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். போலீஸ் கொடுத்த கடும் எச்சரிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. சிறிய குற்றங்களுக்கு 2005 முதல் ‘ஸ்பென்ட்’ (பழைய பதிவைக் காலாவதியானதாகக் கருதும்) முறையும் இருக்கிறது. பொதுவாக, சிறை 3 மாதத்துக்கும் அபராதம் 2,000 வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) மேல் போகாமல், ஒரே ஒரு தீர்ப்போடு நின்று, 5 வருடம் வேறு வம்பில் மாட்டாமல் இருந்தால் பதிவு ஸ்பென்ட் ஆகிவிடும். அதன் பிறகு ‘இல்லை’ என்று சொல்வதைச் சட்டமே அனுமதிக்கிறது. கடுமையான சில குற்றங்களுக்கு இது கிடையாது. சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர்கள், அது பதிவாகக் கணக்காகுமா என்று சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குத் தீர்ப்புத் தாளோடு போய்க் கேளுங்கள். மாமா, சித்தப்பா சொல்வதை நம்பி எழுதாதீர்கள்.

கேள்வியையும் வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். ‘தண்டிக்கப்பட்டாயா’ என்பது வேறு, ‘விசாரிக்கப்பட்டாயா’ என்பது வேறு.

சரி, பதிவு இருக்கிறது. விளக்கம் எழுத வேண்டும். பிள்ளைகள் இங்கேதான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள்: அப்பா குடித்தார், கூட்டாளி கெடுத்தான், தாத்தா இறந்தார். எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் வெட்டிவிடுவேன். கடைசியில் மிஞ்சுவது இவ்வளவுதான்:

“17 வயதில் கடையில் திருடியதற்காகத் தண்டனை பெற்றேன். தண்டனை முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒரு கிடங்கில் முழுநேரமாக வேலை செய்கிறேன்; மேற்பார்வையாளரின் கடிதம் இணைத்துள்ளேன். தளவாடத் துறையை (லாஜிஸ்டிக்ஸ்) படிக்க விரும்புகிறேன்.”

என்ன நடந்தது, முடிந்ததா, இப்போது என்ன செய்கிறான் என்பது அதில் வந்துவிட்டது. நூறு முறை மன்னிப்புக் கேட்பதைவிட அந்த மேற்பார்வையாளரின் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. இடம் கிடைத்துவிடும், படிப்பும் நன்றாகவே போகும். வேலைப் பயிற்சி வரும்போதுதான் சிக்கல். விமானப் பராமரிப்பு படிப்பவனுக்கு விமான நிலையத்தின் உள்பகுதிக்குப் போக அனுமதி அட்டை வேண்டும், அதற்குப் பின்னணிச் சோதனை உண்டு. பாலர் பள்ளி, பாதுகாவல் வேலைகளிலும் அப்படித்தான். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே, பெயர் சொல்லாமல், துறை அலுவலகத்துக்குப் போன் போட்டு, “வேலைப் பயிற்சிக்குப் பின்னணிச் சோதனை உண்டா, அதில் தேறாத மாணவருக்கு வேறு இடம் தருவீர்களா?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு பாடத்தையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்குப் பாலியின் சொந்த பர்சரியை (உதவித்தொகை) முதலில் கேளுங்கள், அப்புறம் சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தை. சிறையிலிருந்து வந்தவர்கள், முன்னாள் கைதிகளுக்கு உதவும் யெல்லோ ரிப்பன் நிதியிலும் விசாரிக்கலாம். சிறைக்குள்ளேயே தானா மேரா சிறைப் பள்ளியில் ஓ நிலை (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதியவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழும் மற்றவர்களுடையதைப் போலத்தான், தயங்காமல் இணைக்கலாம்.

போதைப்பொருள் வழக்கில் சிக்கி வெளியே வந்து கண்காணிப்பில் இருப்பவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை நாள்கள் உண்டு. தவறவிட்டால் அதுவே தனிக் குற்றம். பாட அட்டவணை வந்த அன்றே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோதினால் கண்காணிப்பு அதிகாரியிடம் முதலில் பேசட்டும், பிறகு மாணவர் ஆலோசகரிடம். விரிவுரையாளருக்குத் தெரிய வேண்டியது, “இந்த நாள்களில் கட்டாயம் போக வேண்டிய சந்திப்பு உண்டு” என்பது மட்டும்தான். அதற்கு மேல் யாருக்கு என்ன சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். தீபாவளிக்கு வரும் பெரியம்மா கேட்டாலும் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.