கிராக் டூல் இறக்கும் முன்: செல்போன் சர்வீஸ் செய்பவர்களுக்கு

கூகுள் கணக்கு கேட்டு லாக் ஆகி நிற்கும் போன், மெயில் ஐடியே ஞாபகமில்லாத கஸ்டமர், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்ற அவசரம். "பாக்ஸ் வேண்டாம், டாங்கிள் வேண்டாம், 100% ஃப்ரீ" என்று போட்ட யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருக்கும் லிங்க்கை அமுக்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். அங்கே கிடைப்பதுதான் கிராக் டூல், அதாவது காசு கட்டி வாங்க வேண்டிய அன்லாக் டூலின் பூட்டை உடைத்ததாகச் சொல்லும் நகல். அமுக்கும் முன் அந்த ஃபைலுக்குள் என்ன இருக்க முடியும், என்ன இருக்கவே முடியாது என்று பார்த்துவிடலாம்.

பாக்ஸ், டாங்கிள் என்று கம்ப்யூட்டரில் செருகும் கருவியோடு டூலை வாங்கிய பழைய காலத்தில் வேலை முழுக்க நம் கம்ப்யூட்டரிலேயே நடந்தது, யூஎஸ்பியில் செருகும் ஸ்மார்ட்கார்டு ஒன்றுதான் பூட்டு, அதை ஏமாற்றிவிட்டால் டூல் ஓடிவிடும். இப்போது வரும் பல ஷாவ்மி, ஓப்போ, விவோ மாடல்களில் போனே அனுமதி கேட்கிறது. டூல் அந்தக் கேள்வியை வாங்கித் தன் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் பதிலைப் போனுக்குக் கொடுத்தால்தான் உள்ளே விடும். நாம் கட்டும் சந்தா பெரும்பாலும் அந்த சர்வருக்குத்தான். கிராக் போட்டவரிடம் அந்த சர்வர் கிடையாது. ஆகவே கிராக் என்று கிடைப்பது பழைய மாடல்களுக்கு மட்டும் ஆகிற பழைய வெர்ஷனாக இருக்கும், இல்லையென்றால் திரையை மட்டும் அச்சு அசலாகக் காட்டும் தூண்டிலாக இருக்கும்.

தூண்டிலுக்கு அடையாளம் உண்டு. ரார் ஃபைலுக்கு 1234 என்று பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். அது உங்களுக்காக அல்ல, ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்க முடியாமல் இருக்க. இறக்கும்போது 20, 30 எம்பி இருந்தது, பிரித்தால் 700 எம்பிக்கு மேல் ஒரே இஎக்ஸ்இ என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே வெறும் பூஜ்யங்களை நிரப்பி ஊத வைத்திருக்கிறார்கள், ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களில் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் 650 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். அப்புறம் "ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்ற வரி. நம் தொழிலின் சங்கடமே இதுதான், காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டூலைக்கூட விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் சில சமயம் வைரஸ் என்று பிடிக்கும், நமக்கும் அதை ஆஃப் செய்வது கைப்பழக்கமாகிவிட்டது. திருடனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

உள்ளே பெரும்பாலும் இருப்பது ரெட்லைன், விடார், லும்மா மாதிரியான திருட்டு நிரல்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, குக்கி (நாம் லாகின் ஆனதை பிரவுசர் நினைவில் வைக்கும் தகவல்), டெலிகிராம் செஷன், கிரிப்டோ வாலட் எல்லாவற்றையும் சில நிமிஷத்தில் அள்ளிக்கொண்டு போய்விடும், திரையில் "சர்வர் எரர்" என்று ஒரு பெட்டி வரும், நாமும் கிராக் வேலை செய்யவில்லை என்று மூடிவிடுவோம். ஓடிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது, ஏற்கெனவே லாகின் ஆன குக்கியை எடுத்தவருக்கு ஓடிபியே தேவைப்படாது. இன்னொரு வகை ஸ்டாப் என்கிற ரான்சம்வேர், கிராக் ஃபைல்கள் வழியாகப் பரவியே பெயர் வாங்கியது. எல்லாவற்றையும் பூட்டிவிட்டு 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. நீங்கள் எடுத்து வைத்த பேக்கப், சிம் போட வந்தவர்களின் ஆதார் நகல் எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில்தானே கிடக்கிறது.

போனுக்கும் ஆபத்துதான். மீடியாடெக் சிப் உள்ள போனில், ஆன் ஆகும்போது முதலில் ஓடும் நிரலான ப்ரீலோடரைத் தப்பாக எழுதினால் டெட். ஐஎம்இஐ (போனின் 15 இலக்க அடையாள எண்), நெட்வொர்க் விவரங்கள் இருக்கும் என்விரேம் பகுதி அழிந்தால் வைஃபை லிஸ்டில் "என்விரேம் வார்னிங்" என்று ஒரு நெட்வொர்க் பெயர் மாதிரி வந்து நிற்கும், ஐஎம்இஐ காணாமல் போயிருக்கும், சிக்னல் வராது. எந்த டூலாக இருந்தாலும் முதலில் என்விரேம், சாம்சங் என்றால் அதே மாதிரியான இஎஃப்எஸ் பகுதி, பேக்கப் எடுக்காமல் கைவைக்காதீர்கள்.

சரி, வேலையை எப்படி முடிப்பது? கூகுள் லாக்குக்கு முதலில் டூலே வேண்டாம். கணக்கு மீட்புப் பக்கத்தில் மெயிலை மறந்துவிட்டேன் என்று கொடுத்து, கஸ்டமரின் நம்பரையும் பெயரையும் போட்டால், அந்த நம்பர் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்து சிம்மும் கையில் இருந்தால் ஐடி கிடைத்துவிடும். சாஃப்ட்வேர் கெட்ட பிக்சலை ஃப்ளாஷ் செய்ய, அதாவது சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்ற, கூகுளே பிரவுசரில் வசதி வைத்திருக்கிறது, ஆனால் அது கூகுள் லாக்கை எடுக்காது. பழைய மீடியாடெக் சிப்களுக்கு எம்டிகே கிளையன்ட் என்ற திறந்த மூல டூல் உண்டு, அதையும் கிட்ஹப்பில் ஒரிஜினல் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். மற்றவற்றுக்கு, அந்த டூலின் சொந்த சைட்டில் பெயர் இருக்கும் ரீசெல்லரிடம் குறைந்த கால ஆக்டிவேஷன் வாங்கிக்கொள்ளலாம், மாதம் பத்து போன் வரும் கடைக்கு அந்தக் காசு கஷ்டமில்லை. டூல்களுக்கென்று பழைய லேப்டாப் ஒன்றை ஒதுக்குங்கள், அதில் மெயில், பேங்க், வாட்ஸ்அப் வெப் எதுவும் கூடாது. விண்டோஸுக்குள்ளேயே தனியாக அடைத்து ஓட்டிப் பார்க்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸில் ஓட்டினால் போதாதா என்று கேட்பார்கள், அதற்குள் யூஎஸ்பி போன் தெரியாது, வேலைக்கு ஆகாது.

ஏற்கெனவே ஓட்டியாகிவிட்டதா? உடனே நெட்டைப் பிடுங்குங்கள். அதே கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், புதுசும் போய்விடும். வேறு போனிலிருந்து கூகுள், டெலிகிராம், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் மற்ற சாதனங்களை வெளியேற்றிவிட்டு, அப்புறம் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், தாமதிக்காமல். விண்டோஸை வேறு கம்ப்யூட்டரில் செய்த பென்டிரைவ் கொண்டு சுத்தமாகப் போடுங்கள், ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை என்பதை நம்பாதீர்கள்.

கிராக் டூல்களில் ஆசை காட்டும் "ஐஎம்இஐ ரைட்" பட்டன் தனிக்கதை. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் ஐஎம்இஐயைத் திருத்துவதற்கு 3 வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அறிமுகமில்லாதவர் போனைக் கொண்டுவந்தால் முதலில் *#06# போட்டு எண்ணை எடுங்கள், கேஒய்எம் (KYM) என்று ஆங்கில எழுத்தில் அடித்து இடம்விட்டு 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பிளாக்லிஸ்ட் என்று பதில் வந்தால் போனைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து.