மஞ்சப்பை மெஷினுக்குப் படக்குறி வரைவது எப்படி?

பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் தானியங்கி இயந்திரம் கோயம்பேடு சந்தைக்கு 2022 ஜூனில் வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தின் தொடர்ச்சி அது. இப்படியொரு மெஷின் முன்னால் யாரெல்லாம் வந்து நிற்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மூட்டை இறக்குபவர், கீரைக்கட்டு வாங்க வந்த பாட்டி, ஆந்திராவிலிருந்து லாரி ஓட்டி வந்தவர், தமிழ் எழுத்து தெரியாத வெளிமாநிலத் தொழிலாளி. நாலு வரி அறிவிப்பு ஒட்டினால் பலருக்கு அது புரியாது. புரிகிறவருக்கும் பின்னால் ஆள் நிற்கும்போது நின்று படிக்க மனம் வராது. படம்தான் பேச வேண்டும்.

பாடம் எளிதாக இருக்கட்டும் என்பதற்காக, பத்து ரூபாய் நாணயத்தை மட்டும் வாங்கும் ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். கட்டம் போட்ட தாள், கறுப்பு மார்க்கர், கறுப்புத் தாள், கத்தரிக்கோல் போதும். கணினி கடைசியில்தான் வேண்டும். படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப் இலவசமாகவே கிடைக்கிறது.

படி 1: கை செய்வதை எழுதுங்கள்

மெஷின் முன் நின்று ஒருமுறை பை எடுத்துப் பாருங்கள். கை செய்யும் ஒவ்வொன்றையும் வினைச்சொல்லாக எழுதுங்கள்: காசு போடு, பொத்தானை அழுத்து, பையை எடு. இவற்றோடு காசு திரும்பி விழும் இடம், நோட்டு போடக்கூடாது என்ற எச்சரிக்கை. மொத்தம் ஐந்து படம். ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்’ என்பது பிரச்சாரம், செய்முறை அல்ல. அதை மெஷினின் பக்கவாட்டில் எழுதிக்கொள்ளலாம். முன்பக்கத்தில் ஐந்துக்கு மேல் படம் ஏறினால் எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

படி 2: ஒரே கட்டம், ஒரே தடிமன்

ஒவ்வொரு படத்துக்கும் 100 மி.மீ. சதுரம். சுற்றிலும் 8 மி.மீ. விளிம்பு விட்டால் வரைய 84 மி.மீ. மிஞ்சும். கோட்டின் தடிமன் எங்கும் 6 மி.மீ.; இரண்டு கறுப்புக்கு நடுவே இடைவெளி 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

இந்த அளவு ஏன்? 6/6 பார்வையுள்ள, அதாவது குறையில்லாத கண், 5 மீட்டர் தூரத்தில் சுமார் 1.5 மி.மீ. இடைவெளியைத்தான் பிரித்துப் பார்க்கும். 6/18 என்ற மங்கலான பார்வையுள்ளவருக்கு அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 4.5 மி.மீ. வேண்டும். அதைவிட நெருக்கமாக வரைந்தால் அவருக்கு எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும்.

வெறும் கோட்டுருவமாக வரையாமல் உள்ளே நிரப்பி வரையுங்கள். 1920-களில் வியன்னாவில் ஓட்டோ நொய்ராத் தொடங்கிய, தகவலைப் படங்களால் சொல்லும் ஐசோடைப் முறைக்கு ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் உருவங்களை லினோலியம் என்ற தரைவிரிப்புப் பொருளில் செதுக்கி அச்சிட்டார். செதுக்கு வேலையில் நுண்கோட்டுக்கு இடமில்லை, உருவத்தின் வெளிவடிவமே பொருளைச் சொல்லியாக வேண்டும். அதே கட்டுப்பாட்டை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்: கறுப்புத் தாளில் கத்தரித்து எடுக்க முடியாத எதுவும் படத்துக்குத் தேவையில்லை.

படி 3: காசு

புதிதாக வரைபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். நாணயத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைவார்கள். ஆனால் பத்து ரூபாய் நாணயத்தில் 14 வடிவமைப்புகள் புழக்கத்தில் இருப்பதாகவும், எல்லாமே செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் தந்தது. தமிழ்நாட்டுக் கடைகளில் இந்தக் காசை வாங்க மறுத்த காலமும் உண்டு. ஒரு வடிவமைப்பை மட்டும் வரைந்தால், வேறு காசு வைத்திருப்பவர் ‘நம்ம காசு இதில் செல்லாது போல’ என்று திரும்பிப் போய்விடுவார். எனவே எல்லாவற்றுக்கும் பொதுவானதை மட்டும் வரையுங்கள்: வெளி வளையம், உள் வட்டம், நடுவில் 10 என்ற எண். 2010-இல் அறிமுகமான ₹ குறி பழைய நாணயங்களில் இல்லை. அதைக் காசின் மேல் போடாமல் பக்கத்தில் விலையாக எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல் இருபது ரூபாய் நாணயம். அதற்கும் இரண்டு உலோகம், அதற்கும் 27 மி.மீ. அகலம். பத்தில் வெளிவளையம் மஞ்சள், நடு வெள்ளை. இருபதில் அது தலைகீழ். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். இருபதின் விளிம்பு 12 பக்கம் கொண்டது என்பதால், உங்கள் வட்டம் பிசிறில்லாத வட்டமாக இருக்கட்டும். உள்ளே 10 என்ற எண், படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் பஸ் நம்பரும் ரூபாய் நோட்டும் பழகிய எண்கள்தானே.

படி 4: கை

வலது கையையே வரையுங்கள். இடது கையால் காசு கொடுப்பதுபோல் வரைந்தால் நம் ஊரில் கண்ணை உறுத்தும். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் காசைப் பிடித்திருக்க, மற்ற மூன்று விரல்களையும் ஒரே திரளாக மடக்கிவிடுங்கள். விரித்த உள்ளங்கை ‘நில்’ என்று சொல்லிவிடும். மெஷினில் காசு போடும் துளை நெடுக்காக இருந்தால் படத்திலும் நெடுக்காகவே இருக்க வேண்டும்.

காசு திரும்பி விழும் இடத்துக்கு இதே படத்தை எடுத்து அம்புக்குறியை மட்டும் திருப்பிப் போடாதீர்கள். அவசரத்தில் அம்பின் முனையை யாரும் கவனிப்பதில்லை. கிண்ணம்போல் குவிந்த கை, அதன்மேல் விழும் காசு என்று உருவத்தையே மாற்றுங்கள்.

படி 5: பையும் பூட்டும்

ஒரு செவ்வகம், மேலே வளைந்த ஒரு கைப்பிடி: இதைப் பை என்று நினைத்து வரைவீர்கள், பார்ப்பவர் பூட்டு என்பார். பூட்டுப் படம் பார்த்தால் ‘மெஷின் மூடியிருக்கிறது’ என்றுதான் தோன்றும். இரண்டு கைப்பிடிகளை ஒன்றுக்கொன்று விலகி நிற்கும்படி வரையுங்கள். பையின் வாய் சற்றுத் திறந்து, அடிப்பகுதி கொஞ்சம் தொய்ந்திருக்கட்டும். இரும்பு தொய்யாது, துணிதான் தொய்யும். பை என்று தெரியட்டுமே என்று முருங்கைக்காயை வெளியே நீட்டி வரைய ஆசை வரும். வேண்டாம், மெஷின் காய்கறி விற்கிறது என்று ஆகிவிடும்.

படி 6: நிறம்

தூய மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் ஒளி வேறுபாடு 1.07-க்கு 1, இல்லையென்றே சொல்லலாம். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் 19-க்கு 1-க்கும் மேல். ஆகவே வெள்ளைப் பின்னணியில் மஞ்சப்பை வரையாதீர்கள். மஞ்சள் பின்னணியில் கறுப்பு உருவம் சரியாக வரும்.

நோட்டு கூடாது என்பதற்குச் சிவப்பு வளையமும், மேல் இடமிருந்து கீழ் வலமாகச் செல்லும் குறுக்குக்கோடும் உலக வழக்கு. கோடு நோட்டின் எண்ணை மறைக்காமல் இருக்கட்டும். இதே வளையத்தைப் பையின் மேல் போட்டு ‘பை தீர்ந்தது’ என்று சொல்ல முயலாதீர்கள். பை கொண்டுவரக் கூடாது என்று அர்த்தமாகும். பை தீர்ந்தால் காசுத் துளையே மூடிக்கொள்ளும்படி செய்வது எந்தப் படத்தையும் விட மேல்.

படி 7: இடம்

படங்களை வரிசையாக மேலே ஒட்டாமல், காசுப் படத்தைத் துளைக்கருகிலும் பைப் படத்தைப் பை வெளிவரும் வாய்க்கருகிலும் 40 மி.மீ. அளவுக்குச் சுருக்கி ஒட்டுங்கள். 1, 2, 3 என்ற எண்ணும் கூடவே வேண்டும். தூரத்திலிருந்து அழைக்க 100 மி.மீ. பைப் படம் ஒன்று மேலே இருந்தால் போதும்.

படி 8: தெரியாதவரிடம் காட்டுங்கள்

வரைந்தவர் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். ஜப்பானில் வெந்நீர் ஊற்றுக்கான மூன்று ஆவிக்கோட்டுக் குறியை வெளிநாட்டினர் சூடான உணவு என்று எண்ணினார்கள். 2017-இல் அந்நாட்டின் குறியீட்டுத் தரத்தைத் திருத்தியபோது பழையது, மனிதர் உருவம் சேர்ந்த பன்னாட்டுக் குறி என இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

சந்தையில் இருபது பேரிடம் தனித்தனியாகக் காட்டி, ‘இது என்ன செய்யச் சொல்லுது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘இது பைதானே?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஆன்சி இசட்535.3 தரம் எச்சரிக்கைப் படங்களுக்கு வைத்த அளவுகோல் இங்கும் உதவும்: சரியான பதில் குறைந்தது 85 விழுக்காடு, நேரெதிராகப் புரிந்துகொண்டவர் 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. இருபது பேரில் 17 பேர் சரியாகச் சொல்ல வேண்டும். நேரெதிராகச் சொன்னவர் இரண்டு பேர் இருந்தால், மற்ற 18 பேரும் சரியாகச் சொன்னாலும் மறுபடி வரையுங்கள்.

படி 9: அச்சு

சாதாரண ஸ்டிக்கர் வெயிலில் வெளுக்கும், முதலில் போவது சிவப்பு. குறுக்குக்கோடு மங்கிப்போனால் ‘நோட்டு போடு’ என்று படமே மாறிவிடும். ஆகவே கோட்டுக்குக் கறுப்பு விளிம்பு கொடுங்கள். வெயில் தாங்கும் லேமினேஷன் போட்ட வினைல் கேளுங்கள். ஓரங்களை வளைவாக வெட்டினால் சீக்கிரம் உரியாது. துளையருகே விரல் உரசும் படம்தான் முதலில் தேயும் என்பதால், அதில் மட்டும் கூடுதலாக நாலைந்து பிரதி அடித்து, பை நிரப்ப வருபவரிடம் கொடுத்துவையுங்கள்.