சமையலறைக்குப் புரியும்படி மாற்றிக் கேட்பது

மலேசிய உணவகத்தில் ஒரு பொருளை நீக்கியோ மாற்றியோ கேட்பதற்கு முன், அந்தப் பொருள் எந்தக் கட்டத்தில் சட்டிக்குள் போகிறது என்று சற்று யோசித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். விடியற்காலையிலேயே அரைத்து வதக்கி இறக்கிவைத்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சம்பாலிலிருந்து பெலாச்சான் என்ற புளித்த இறால் விழுதைப் பிரித்தெடுக்க எந்தச் சமையல்காரராலும் முடியாது. ஆனால் அதே தட்டின் ஓரத்தில் கடைசியாக வைக்கப்படும் நெத்திலியையும் நிலக்கடலையையும் வைக்காமல் கொடுப்பது அவருக்கு ஒரு வேலையே இல்லை. கேட்டது கிடைக்காதபோது கடைக்காரரின் சிடுசிடுப்பைக் குறை சொல்கிறோம். பெரும்பாலான நேரங்களில் நாம் வேண்டாம் என்று சொன்ன பொருள் குழம்போடு குழம்பாகக் கரைந்து பல மணி நேரம் ஆகியிருக்கும்.

பினாங்கின் தெருக்கடைகளில் இந்த வேறுபாடு கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். சார் குவாய் தியாவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸ் ஒவ்வொரு தட்டாக வறுக்கப்படுவது. கெராங் (மட்டி), இறால், சீனக் கொத்திறைச்சிக் குழல், முட்டை, தவ்கே (முளைப்பயறு), கூச்சாய் (பூண்டுத்தாள்) எல்லாம் தனித்தனிக் கிண்ணங்களில் இருந்து கைப்பிடியாக எடுத்துப் போடப்படுகின்றன. ஆகவே, "அங்கிள், கெராங் தாக் நாக், தம்பா தெலோர்" என்று சொன்னால் கெராங் இல்லாமல், முட்டை கூடுதலாகப் போட்டு வந்துவிடும். குவாய் தியாவுக்குப் பதிலாக மீஹூன் என்ற அரிசிச் சேமியா கேட்டாலும், இரண்டையும் கலந்து கேட்டாலும் அவர் முகம் சுளிக்கமாட்டார், ஏனெனில் அது அங்கே அன்றாட வழக்கம். பன்றிக் கொழுப்பு மட்டும் வேறு விஷயம். ஹலால் அல்லாத கடைகள் பலவற்றில் சட்டியில் முதலில் விழுவதே அதுதான். சமையல் எண்ணெயில் வறுத்துத் தரச் சொன்னாலும், முந்தைய தட்டின் கொழுப்பு அந்தச் சட்டியில் ஒட்டியே இருக்கும். உடம்புக்காகக் கொழுப்பைக் குறைப்பவருக்கு அந்தக் கோரிக்கை போதும். சமயக் காரணத்துக்காகப் பன்றியைத் தவிர்ப்பவர் கடையை மாற்றுவதே சரி.

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸ் சாப்பிடுபவருக்கு ஒரே கிண்ணத்தில் இரண்டு நிலைமையும் கிடைக்கும். அதன் சாற்றில் மீன் உதிர்ந்து கலந்திருப்பதால் மீனில்லாத அசாம் லக்சா கேட்பது வீண். ஆனால் கடைசியில் ஒரு கரண்டி ஊற்றப்படும் ஹேகோ என்ற கறுப்பு இறால் விழுதை வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம். பினாங்கு ஹொக்கியன் மீ என்ற நூடுல்ஸின் சாறு இறால் ஓடுகளையும் பன்றி எலும்புகளையும் கொதிக்க வைத்து எடுப்பது. அதில் மேலே கிடக்கும் இறைச்சித் துண்டுகளை விலக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

கேட்கும் முறையைப் பொறுத்தவரை, சமைக்கத் தொடங்குவதற்கு முன் சொல்ல வேண்டும், குறைவாகச் சொல்ல வேண்டும், முடிந்தால் மாற்று ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நெருப்பின் முன் நிற்பவரிடம் நம் உடல்நிலை, விரதம், மருத்துவர் சொன்னது என்று எல்லாவற்றையும் விவரித்தால், அவர் காதில் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும்தான் விழும். கங்கோங் கீரை எல்லா இடத்திலும் பெலாச்சானோடுதான் வருகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள், "கங்கோங் கோரெங், பாவாங் பூத்தே சாஹாஜா" என்று கேட்டுப் பார்க்கலாம். பூண்டு மட்டும் போட்டு வதக்கிய கீரை தட்டு நிறைய வரும், சமையல்காரருக்கும் அதற்குப் பதில் எதைப் போடுவது என்று யோசிக்கிற சுமை இல்லை. சீனக் கடையில் அங்கிள், ஆன்ட்டி என்றும், மலாய்க் கடையில் அபாங், காக் என்றும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையிலும் வாழை இலைக் கடையிலும் அண்ணே என்றும் அழைத்துத் தொடங்குவது நம் ஊரில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லியாக வேண்டும்: அலுவலகக் கூட்டம் வரிசையில் நிற்கும் பகல் ஒரு மணிக்கு மூன்று மாற்றங்களோடு போய் நிற்பது நியாயமில்லை. பதினொன்றரைக்கோ இரண்டரைக்கோ போனால் அதே மனிதர் பொறுமையாகக் கேட்டுச் செய்துகொடுப்பார்.

நாசி கண்டார் கடையில்தான் இந்துத் தமிழர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே யாரும் சமைத்துக்கொண்டிருப்பதில்லை. எல்லாம் தயாராகித் தட்டங்களில் காத்திருக்கின்றன. பரிமாறுபவர் சோற்றை வைத்து, நாம் காட்டிய கோழியையோ மீனையோ வைத்து, பிறகு நாலைந்து தட்டங்களிலிருந்து குழம்பை வரிசையாக அள்ளி ஊற்றுகிறார். குவா சம்போர் என்று எல்லோரும் ஆசையோடு கேட்பது இந்தக் கலவையைத்தான். சுவை அந்தக் கலப்பில்தான் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தட்டங்களில் ஒன்று மாட்டிறைச்சிக் குழம்பாக இருக்க வாய்ப்புண்டு, ஒரே கரண்டி எல்லாவற்றிலும் இறங்கி ஏறுவதும் உண்டு. டாகிங் என்று பொதுவாகச் சொன்னாலே நம் நாட்டில் மாட்டிறைச்சி என்றுதான் பொருள்கொள்ளப்படுகிறது. பருப்புக் குழம்புதானே என்று கேட்டு வாங்கும் டால்ச்சாவிலும் ஆட்டெலும்போ மாட்டெலும்போ போட்டிருப்பார்கள். ஆகவே சோறு தட்டில் விழும்போதே, "அண்ணே, நான் மாடு சாப்பிடமாட்டேன், கோழிக் குழம்பும் மீன் குழம்பும் மட்டும் ஊத்துங்க, கரண்டியை மாத்திக்குங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குழம்பு ஊற்றிய பிறகு சொன்னால் அந்தத் தட்டு வீணாகும், வரிசையும் நிற்கும். இன்னும் பத்திரமாக இருக்க விரும்புபவர் குவா ஆசிங் என்று கேட்டுக் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வாங்கிக்கொள்ளலாம். தனியாக வரும்போது எது எந்தக் குழம்பு என்று கேட்டு உறுதி செய்துகொள்வதும் எளிது.

இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் சின்னம் இருக்கும் கடையில் பன்றியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, அந்த அளவில் அது எல்லோருக்குமே உதவியான சின்னம். மாட்டிறைச்சியைப் பற்றியோ சைவத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சீனக் கடைகளில் மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொல்ல நம்மில் சிலர் கூச்சப்படுகிறார்கள். அது தேவையே இல்லை. குவான் யின் தெய்வத்தை வழிபடும் சீனக் குடும்பங்கள் பலவற்றிலும் மாட்டிறைச்சி சமைப்பதில்லை, அதனால் சாமிக்காக என்று ஒரு சொல் சொன்னாலே அந்த ஆன்ட்டி தலையசைத்துவிடுவார்.

சைவம் என்று வரும்போது ஒருவருக்கொருவர் வரையறை வேறுபடுகிறது, சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. மலாய்க் கடையில் சாயோர் மட்டும் என்று கேட்டால் இறைச்சித் துண்டில்லாத காய்கறி வரும். அதில் உலர்ந்த இறாலோ, சிப்பிச் சாறோ, கோழித் தூளோ இருப்பதை அவர் அசைவமாக நினைத்திருக்கமாட்டார். ஆகையால் சைவம் என்ற ஒரு சொல்லை நம்பாமல், இறைச்சி, மீன், ஊடாங் (இறால்), பெலாச்சான், சிப்பிச் சாறு, முட்டை என்று தவிர்க்க வேண்டியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்பதே முறை. மாமாக் கடையின் மீ கோரெங்கில் கோழியும் சோத்தோங்கும் (கணவாய்) வறுக்கும்போது சேர்பவை, விலக்கிவிடலாம். ஆனால் முன்கூட்டியே செய்து வைத்த மிளகாய் விழுதில் என்ன இருக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும். ரொட்டி சானாயோடு மீன் குழம்பு வேண்டாம், பருப்பு மட்டும் போதும் என்பது எளிய கோரிக்கை. மாவில் முட்டை சேர்த்திருக்கிறார்களா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புரட்டாசியில் வெளியே சாப்பிட வேண்டியிருப்பவர்களுக்குச் சீனர்களின் சைவ உணவகங்கள் பெரிய துணை. பௌத்த முறைப்படி நடக்கும் அந்தக் கடைகள் பலவற்றில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. ஆனால் கோழி போலவும் மீன் போலவும் செய்து வைக்கும் சோயா வகைகள் சிலவற்றில் முட்டையின் வெள்ளைக்கருவும் பாலும் இருக்கும், எனவே முட்டையைத் தவிர்ப்பவர்கள் அதைப் பற்றித் தனியாக விசாரிக்க வேண்டும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள்களில் நடக்கும் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழாவின்போது, பினாங்கில் சைவக் கடைகளின் முன் மஞ்சள் கொடி பறக்கும். சில ஆண்டுகளில் அந்த நாள்கள் புரட்டாசியோடு சேர்ந்து வருவது நமக்கு வசதி.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கின் லெபோ பாசாரிலும் உள்ள வாழை இலைக் கடைகளில் மொழிச் சிக்கல் இல்லை என்பதாலேயே நாம் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். பரிமாறுபவர் நாலு கிண்ணம் கோர்த்த எவர்சில்வர் தூக்கோடு வந்து நிற்கும்போது, சாம்பாருக்குப் பக்கத்துக் கிண்ணத்திலேயே நண்டுக் குழம்போ ஆட்டுக் குழம்போ ததும்பிக்கொண்டிருக்கும். இலை போட்டவுடனேயே "நமக்கு சைவம், அண்ணே" என்று சொல்லிவிட்டால், தனித் தூக்கு வைத்திருக்கும் கடைகளில் அதை எடுத்து வருவார்கள். அப்பளமும் பாகற்காயும் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கப்படுகின்றனவா என்பதும் கேட்கத் தகுந்த கேள்வி. சர்க்கரை நோயுள்ளவர்கள் பச்சரிசிச் சோற்றுக்குப் பதில் புழுங்கலரிசிச் சோற்றைக் கேட்கலாம், பாதிச் சோறு போதும் என்று முதலிலேயே கையைக் காட்டலாம். மறுசோறு வேண்டாம் என்பதை ஒருமுறைக்கு இருமுறை சொல்ல வேண்டியிருக்கும். அது அன்பினால் வரும் தொல்லை.

பானங்களில் எல்லாம் எளிது, ஒன்றைத் தவிர. தே தாரிக் கூராங் மானிஸ் என்றால் கெட்டிப் பால் குறைவாக ஊற்றுவார்கள், ஆனால் அந்தப் பாலே இனிப்பானது என்பதால் இனிப்பு முழுதும் போகாது. சர்க்கரையே வேண்டாம் என்பவர் தே சி கோசோங் கேட்க வேண்டும். அதில் இனிப்பில்லாத ஆவிப்பால் சேரும். பாலும் வேண்டாம் என்றால் தே ஓ கோசோங். 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது, அதனால் இப்படிக் கேட்பவரை இன்று எந்தக் கடையிலும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மேலே சொன்ன நெகிழ்வெல்லாம் பொருந்தாது. பிடிக்கவில்லை என்பதையும் ஒவ்வாது என்பதையும் கடைக்காரர் பிரித்தறியும்படி, "சாயா அலெர்ஜி ஊடாங்" என்று அந்தச் சொல்லையே பயன்படுத்த வேண்டும். பிடிக்காத ஒன்றைத் தவிர்க்க ஒவ்வாமை என்று பொய் சொல்பவர்கள் உண்மையான நோயாளிகளுக்குக் கெடுதல் செய்கிறார்கள். இறாலை எடுத்துவிடுவதோடு ஆபத்து தீர்வதில்லை; அதே சட்டி, அதே எண்ணெய், அதே கரண்டி மூலமாகவே போதுமான அளவு வந்து சேர்ந்துவிடும். சாத்தே குழம்பு, ரோஜாக், பசெம்போர் மூன்றும் நிலக்கடலை ஒவ்வாதவர்களுக்கு ஆகாதவை, மாற்றிக் கேட்பதில் பயனில்லை. கடுமையான ஒவ்வாமை உள்ளவர் மலாயிலும் சீனத்திலும் எழுதிய சிறு அட்டை ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொண்டு, அதைச் சமையல்காரரிடமே காட்டுவது நல்லது. அவர் தயங்கினால் அங்கே சாப்பிட வேண்டாம். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தொடங்கினால், மருத்துவர் கொடுத்த ஊசி கையில் இருந்தால் உடனே போட்டுக்கொண்டு 999ஐ அழைக்க வேண்டும்.

சீன நண்பரின் திருமண விருந்துக்கு அழைப்பு வந்தால், வருகிறோம் என்று பதில் சொல்லும்போதே நமக்குச் சைவம் வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்துப் பேர் அமரும் மேசைக்கு வரிசையாக வரும் அந்த உணவுகள் மொத்தமாகச் சமைக்கப்படுபவை. முன்பே தெரிந்திருந்தால் சைவம் தனித் தட்டில் நமக்கு மட்டும் வரும். மண்டபத்தில் உட்கார்ந்த பிறகு கேட்டால் பரிமாறுபவர் ஓடியாடி எதையாவது வறுத்துக் கொண்டுவருவார், உபசரிப்பவருக்கும் சங்கடம்.

பணத்தைப் பொறுத்தவரை, சேர்ப்பதற்குக் காசு உண்டு, நீக்குவதற்குக் கழிவு கிடையாது என்பதே பொது வழக்கம். சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் சேவை வரி 6 விழுக்காடும் சேர்க்கும் உணவகங்களில், ஒரு பக்க உணவை மாற்றுவதற்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுவது பின்னால் கவுன்ட்டரில் வாதாடுவதைத் தவிர்க்கும். கைப்பேசிச் செயலியில் சொல்லி வரவழைக்கும்போது குறிப்புப் பெட்டியில் நீண்ட விளக்கம் எழுதாமல், மலாயில் நாலைந்து சொற்களில் எழுதினால் சமையலறையில் இருப்பவர் படிப்பார். சைவமா, ஒவ்வாமையா என்ற அளவுக்கு முக்கியமான விஷயமென்றால் கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.

தவறான தட்டு வந்துவிட்டால், கரண்டி வைப்பதற்கு முன்பே அழைத்துக் காட்ட வேண்டும். பாதி சாப்பிட்ட தட்டை எவரும் திரும்ப வாங்கமாட்டார். மேலே கிடக்கும் இறைச்சியைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டைத் திருப்பித் தருவார்களோ என்ற ஐயம் இருந்தால், "புதுசா ஒன்னு போட்டுக் கொடுங்க, காத்திருக்கேன்" என்று நயமாகச் சொல்லலாம். புங்குஸ், அதாவது பொட்டலமாக, வாங்கும்போது இந்தச் சோதனை இன்னும் அவசியம், ஏனெனில் ரப்பர் வளையம் போட்ட பொட்டலங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சைவப் பொட்டலத்தின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தரச் சொல்லி, கடையை விட்டு நகர்வதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.