நகரத்துக் கயோட்டியை எதிர்கொள்ளும் முறை

சிகாகோவிலோ அதன் புறநகர்களிலோ குடியிருப்பவர்கள் என்றேனும் ஒரு நாள் அந்தி நேரத்தில் தெருவைக் கடக்கும் கயோட்டியைக் காண நேரிடும். நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, நரியைவிடச் சற்றுப் பெரிய இந்த வட அமெரிக்கக் காட்டு விலங்கின் எடை பெரும்பாலும் 9 முதல் 16 கிலோதான். குளிர்காலத்து அடர்ந்த உரோமமே அதை ஓநாய் அளவுக்குப் பெரிதாகக் காட்டுகிறது. 2007 ஏப்ரலில் ஒரு கயோட்டி அந்நகர மையத்திலுள்ள சாண்ட்விச் கடைக்குள் நுழைந்து குளிர்பானப் பெட்டியில் ஏறி அமைதியாகப் படுத்துக்கொண்டது. எனினும் அது அரிதான நிகழ்வு. சிகாகோ அடங்கிய குக் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து இவற்றுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை பூட்டி ஆராய்ந்துவரும் வனவிலங்கு ஆய்வாளர் ஸ்டான்லி கெர்ட் குழுவினர், நகரக் கயோட்டிகள் மனிதரைத் தவிர்க்கவே இரவில் மிகுதியாக நடமாடுகின்றன என்று கண்டறிந்துள்ளனர். அந்த அச்சம் குறையாமல் பார்த்துக்கொள்வதே நமது வேலை.

அச்சத்தைப் போக்குவது உணவு. யாரும் வேண்டுமென்றே ஊட்ட வேண்டியதில்லை. பறவைகளுக்கு வைத்த தானியம் கீழே சிந்தினால் எலி வரும், எலியைத் தேடிக் கயோட்டி வரும். ஆகவே சிந்திய தானியத்தையும் மரத்தடியில் உதிர்ந்த பழங்களையும் அன்றாடம் கூட்டி அள்ளுங்கள். நாய், பூனைகளின் உணவுத் தட்டை வெளியில் வைக்காதீர்கள். குப்பைத்தொட்டியை இறுக மூடுங்கள்.

நேருக்கு நேர் சந்தித்தால் ஓடக் கூடாது. ஓடுவது துரத்தும் இயல்பைத் தூண்டிவிடும். குழந்தையையோ சிறிய நாயையோ தூக்கிக்கொண்டு, கைகளை உயர்த்தி, உரத்த குரலில் அதட்டுங்கள்; தட்டைத் தட்டி ஒலி எழுப்புங்கள், அதன் அருகில் விழும்படி சிறு கல்லை எறியுங்கள். பக்கத்து வீட்டார் வேடிக்கை பார்ப்பார்களே என்ற கூச்சம் வேண்டாம். கயோட்டி தப்பிச் செல்ல வழிவிட்டு, கண்ணுக்கு மறையும் வரை நிறுத்தாதீர்கள், ஏனெனில் பாதியில் நிறுத்தினால் சற்றுப் பொறுத்தால் போதும் என்று அது கற்றுக்கொள்ளும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் பிறக்கின்றன. அப்பருவத்தில் விரட்டியும் விலகாமல் ஒரு கயோட்டி உங்களைப் பின்தொடர்ந்தால், அருகில் வளை இருக்கக்கூடும். அதட்டாமல், முதுகு காட்டாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். சில வாரங்கள் வேறு பாதையில் நடங்கள்.

நாயை 6 அடிக்கு மிகாத கயிற்றில் பிடித்துச் செல்வதும் பூனையை வீட்டுக்குள் வைத்திருப்பதும் கட்டாயம். கயோட்டியைப் பொறி வைத்துப் பிடிப்பதால் பெரும்பாலும் பயனில்லை, காலியான எல்லைக்கு வேறொன்று விரைவில் குடிவந்துவிடும். பகலில் ஒரு கயோட்டி உரோமம் உதிர்ந்து மெலிந்து திரிவதைக் கண்டவுடன் வெறிநோய் என்று முடிவுகட்ட வேண்டாம்; சொறிநோயாக இருக்கலாம். ஆயினும் மனிதரைத் தயக்கமின்றி நெருங்கும் கயோட்டியைப் பற்றி நகராட்சியின் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு உடனே தெரிவியுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.