கிட் பழகலாம்: ஆட் செய்தும் மாற்றம் கமிட்டில் வராதது ஏன்?

நிரல் நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை, நடுவில் எந்த வரியை மாற்றினோம் என்று தெரியவில்லை. இந்தத் தவிப்பைத் தீர்க்கத்தான் கிட், ஃபைல்களின் மாற்ற வரலாற்றைச் சேமித்து வைக்கும் மென்பொருள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் வேலைக்காக எழுதியது என்றாலும், ஒரே ஒரு பைத்தான் ஃபைல் வைத்திருக்கும் பள்ளி மாணவருக்கும் அது அப்படியே பயன்படும். கிட்ஹப் வேறு விஷயம், அது ரெப்போவை, அதாவது கிட் கவனிக்கும் ஃபோல்டரையும் அதன் வரலாற்றையும், இணையத்தில் வைக்கும் தளம். இப்போதைக்கு அதில் கணக்கு வேண்டாம், இணைப்பும் வேண்டாம்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். நிறுவுவதை விளக்கப்போவதில்லை. விண்டோஸில் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போகலாம், ஆனால் எடிட்டர் எது என்று கேட்கும் இடத்தில் மட்டும் நின்று விம்மை மாற்றி நானோ அல்லது விஎஸ் கோட் என்று வையுங்கள். விம் நல்ல எடிட்டர்தான், ஆனால் கிட்டையும் விம்மையும் ஒரே நாளில் கற்க வேண்டாம்.

முதலில் பெயரும் மின்னஞ்சலும். ‘கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம்’ என்று தட்டி, பெயரை இரட்டை மேற்கோளுக்குள் கொடுங்கள். அதேபோல ‘யூசர்.ஈமெயில்’. இந்த முகவரி ஒவ்வொரு கமிட்டிலும் (வரலாற்றில் குறிப்போடு சேமிக்கும் ஒவ்வொரு நிலையிலும்) பதிவாகும், நாளைக்கு ரெப்போவைப் பொதுவில் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதனால் யோசித்துக் கொடுங்கள்.

அப்புறம் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ‘கிட் இனிட்’. டெஸ்க்டாப்பிலோ ஹோம் ஃபோல்டரிலோ நின்றுகொண்டு இதைத் தட்டாதீர்கள், அங்கே இருக்கிற எல்லாவற்றையும் கிட் கணக்கில் எடுக்கப் பார்க்கும். உள்ளே மறைவாக ஒரு ‘.கிட்’ ஃபோல்டர் உருவாகும். முழு வரலாறும் அதில்தான் இருக்கிறது, அழித்தால் அத்தனையும் போய்விடும்.

இனி தினசரி வேலை: எது மாறியது என்று பார்க்க ‘கிட் ஸ்டேட்டஸ்’, அடுத்த கமிட்டுக்கு எடுத்துவைக்க ‘கிட் ஆட்’ போட்டு ஃபைல் பெயர், சேமிக்க ‘கிட் கமிட் -எம்’ போட்டு மேற்கோளுக்குள் ஒரு குறிப்பு. பலரும் சறுக்குவது நடுவில் இருக்கும் ஆட்டில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

ஆட் என்றால் ‘இந்த ஃபைலை இனிமேல் கவனித்துக்கொள்’ என்று அர்த்தமில்லை. அந்த நொடியில் ஃபைல் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு பிரதி எடுத்து, அடுத்த கமிட்டுக்குக் காத்திருக்கும் இடமான ஸ்டேஜில் வைக்கிறது, அவ்வளவுதான். மதிப்பெண் சராசரி கணக்கிடும் ஃபங்ஷன் எழுதி ஆட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ஓட்டிப் பார்த்தால் பட்டியல் காலியாக இருக்கும்போது பூஜ்யத்தால் வகுக்கிறது. திருத்துகிறீர்கள், சரியாக ஓடுகிறது, உடனே கமிட். கமிட்டில் போனது திருத்தத்துக்கு முந்தைய பிரதி! உங்கள் கண்முன் இருக்கும் ஃபைல் சரியாக ஓடுவதால் இது தெரியவே தெரியாது, பழைய கமிட்டை எடுத்துப் பார்க்கும் நாளில்தான் தெரியும்.

கண்டுபிடிக்க வழி: கமிட்டுக்கு முன் எப்போதும் ஸ்டேட்டஸ். ஒரே ஃபைல் பெயர் பச்சையில் (ஸ்டேஜில் ஏறியது) ஒரு முறை, சிவப்பில் (இன்னும் ஏறாதது) ஒரு முறை என்று இரண்டு இடத்தில் வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ‘கிட் டிஃப்’ ஸ்டேஜில் இன்னும் ஏறாத மாற்றத்தைக் காட்டும், ‘கிட் டிஃப் --ஸ்டேஜ்ட்’ அடுத்த கமிட்டில் போகப்போவதைக் காட்டும். மறுபடி ஆட் செய்துவிட்டு கமிட் செய்தால் சரி. ‘கிட் கமிட் -ஏஎம்’ போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள், ஆனால் அது புது ஃபைல்களைச் சேர்க்காது, அதனால் தொடக்கத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘கிட் ஆட் .’ என்று எல்லாவற்றையும் அள்ளிப் போடுவதும் எனக்குப் பிடிக்காது, பெயர் சொல்லிச் சேர்த்தால் என்ன சேர்க்கிறோம் என்று தெரியும்.

குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம். ‘மாற்றம்’ என்று எழுதிப் பயனில்லை, ‘பட்டியல் காலியாக இருந்தால் சராசரி 0’ என்று எழுதுங்கள்.

பழைய நிலைக்குப் போக ‘கிட் ரீஸ்டோர்’ போட்டு ஃபைல் பெயர். இது 2019இல்தான் வந்தது, பழைய விளக்கங்களில் இதே வேலைக்கு செக்அவுட் என்று இருக்கும். கவனம், ஸ்டேஜில் பிரதி இருந்தால் ஃபைல் அந்தப் பிரதிக்குத்தான் திரும்பும், கடைசி கமிட்டுக்கு அல்ல. ஆட் செய்யாத மாற்றங்களை கிட்டால் மீட்டுத் தர முடியாது. இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் ‘கிட் லாக் --ஒன்லைன்’ காட்டும் கமிட் குறியீட்டை எடுத்து ‘கிட் ரீஸ்டோர் --சோர்ஸ்=’ என்பதற்குப் பின் ஒட்டி, அதன்பின் ஃபைல் பெயர் கொடுங்கள்.

பின்சேர்க்கை: கிட் கவனிக்கக் கூடாதவற்றைப் பட்டியலிடும் ‘.கிட்இக்னோர்’ ஃபைலில் பெயர் எழுதிய பிறகும் அந்த ஃபைல் ஸ்டேட்டஸில் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஏற்கெனவே கமிட்டில் போன ஃபைலுக்கு இக்னோர் வேலை செய்யாது. ‘கிட் ஆர்எம் --கேச்ட்’ போட்டு ஃபைல் பெயர் கொடுத்து, ஒரு கமிட் செய்யுங்கள். ஃபைல் உங்கள் ஃபோல்டரில் அப்படியே இருக்கும், கிட் மட்டும் அதை விட்டுவிடும். பழைய கமிட்களில் அது இருக்கும் என்பதால், பாஸ்வேர்டு எழுதிய ஃபைல் ஏதாவது அப்படிப் போயிருந்தால் பாஸ்வேர்டையே மாற்றிவிடுங்கள்.